பள்ளிப் பட்டறையில் தூசி: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

பள்ளிக்கூடப் பட்டறைக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்த ஏர் பியூரிஃபையர் வாங்கலாம் சார்?" இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். தூசி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வாங்குகிற எந்த மெஷினும் ஒரு மாதம் ஓடிவிட்டு அப்புறம் பீரோ மேல் ஏறிவிடும். வழி மொத்தம் நாலுதான். ஒன்று, தூசி உள்ளேயே பிறக்கிறது. இல்லையென்றால் வெளியே இருந்து வருகிறது. அதுவும் இல்லையென்றால் ஏற்கெனவே படிந்து கிடந்தது கிளம்புகிறது. நாலாவது, தூசியை அளக்க வைத்திருக்கிற மீட்டர் பொய் சொல்கிறது. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்கள் பட்டறைக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

அதற்கு முன்னால் அளவு பற்றிக் கொஞ்சம். பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள். தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மரத்தூள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், இது நுரையீரலின் அடி வரை போகும். வெளிக்காற்றுக்கு இந்தியா 2009இல் வைத்த வரம்பு, 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியில் 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15, ஆண்டுக்கு 5. இவை பட்டறைக்கென்று போட்ட சட்டம் இல்லை, ஆனால் பிள்ளைகள் உட்காரும் அறைக்கு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல எண் கைவசம் இல்லை.

காலையில் கதவைத் திறந்தால் மேஜையில் விரலால் பெயர் எழுதலாம்

நேற்று சாயங்காலம் துடைத்துவிட்டுத்தானே போனோம் என்று எல்லோரும் சொல்வார்கள். துடைத்தது உண்மைதான், அப்போது தூசி மேஜையில் இல்லை, காற்றில் இருந்தது. அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் பத்தடி உயரத்திலிருந்து தரைக்கு வரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2.5 மைக்ரான் துகளுக்கு ஏறத்தாழ நாலு மணி நேரம், ஒரு மைக்ரான் துகளுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள். சீலிங் ஃபேன் ஓடினால் அதுவும் இறங்காது. ஆக மணி அடித்தவுடன் மெஷினை நிறுத்தி, துடைத்து, எக்ஸாஸ்டையும் நிறுத்திப் பூட்டிவிட்டுப் போனால் மிச்சமெல்லாம் ராத்திரி முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியது: மெஷின் நின்ற பிறகும் எக்ஸாஸ்ட் குறைந்தது அரை மணி நேரம் ஓடட்டும். துடைப்பதை அடுத்த நாள் காலைக்கு மாற்றுங்கள், ஈரத் துணியால். விளக்குமாறு பட்டறைக்குள் வரக் கூடாது, ஏர் கன்னால் ஊதுவது அதைவிட மோசம், அது படிந்ததை எல்லாம் திரும்பக் காற்றில் ஏற்றுகிறது. அப்புறம் ஒரு ஏணி போட்டு ஃபேன் றெக்கை, டியூப் லைட் பட்டி, பீரோ தலை, ஜன்னல் மேல் விளிம்பு எல்லாம் ஒருமுறை துடையுங்கள். வருடக்கணக்காக யாரும் தொடாத அந்தச் சரக்கு, ஒவ்வொரு முறை கதவு அடித்துச் சாத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. கூரை ஆஸ்பெட்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதை மட்டும் தேய்க்கவோ துளை போடவோ வேண்டாம், அந்த நார் மரத்தூசியைவிடப் பொல்லாதது.

எக்ஸாஸ்ட் ஓடுகிறது, புகை போகவில்லை

இதுதான் நம் பக்கத்தில் அதிகம். முதலில் ஒரு தாளை எடுத்து ஃபேன் கம்பி வலையில் வையுங்கள். உறிஞ்சினால் தாள் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழே விழுந்தால் ஃபேன் திருப்பிச் சுற்றுகிறதா என்று பாருங்கள், ரீவைண்டிங் கொடுத்து வாங்கிய மோட்டாரில் வயர் மாற்றிக் கொடுத்து ஃபேன் உள்பக்கம் ஊதுவது நடக்கிற கதைதான். றெக்கை விளிம்பில் எண்ணெயும் தூசியும் கறுப்பாகத் தடித்திருந்தால் சுத்தம் செய்யுங்கள், வெளிப்பக்கத் தகடுகள் துருப்பிடித்து மூடியே கிடக்கிறதா என்றும் வெளியே போய்ப் பாருங்கள். உள்ளே நின்று பார்த்தால் அது தெரியாது.

தாள் ஒட்டுகிறது, ஆனாலும் புகை நிற்கிறது என்றால் ஊதுபத்தி வேண்டும். பத்தியைக் கொளுத்தி ஃபேனில் தொடங்கி அறையைச் சுற்றி மெதுவாக நடங்கள், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலான பட்டறைகளில் ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தவுடன் புகை ஜன்னலிலிருந்து ஃபேனுக்கு ஓடும், வெல்டிங் மேஜைப் பக்கம் வைத்தால் நேராக மேலே போய்க் கூரையில் தேங்கும். அதாவது ஃபேன் பக்கத்து ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது, அறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபேனை ஒட்டிய ஜன்னல்களைச் சாத்தி, எதிர்ச் சுவரில் கதவையோ ஜன்னலையோ திறந்தால் அதே ஃபேன் வேலை செய்யத் தொடங்கும். எல்லாவற்றையும் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் போடுகிறவர்களும் உண்டு. உள்ளே வர வழி இல்லாமல் காற்று எப்படி வெளியே போகும்?

அடுத்தது காற்றின் திசை. தென்காசி, கடையம், அம்பாசமுத்திரம் தொடங்கிப் பாளையங்கோட்டை தாண்டியும் ஆனி, ஆடி, ஆவணியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, காயப்போட்ட வேட்டி பக்கத்துத் தெருவில் கிடக்கும். இந்தக் காற்றுக்கு நேராக மேற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் வைத்திருந்தால் பள்ளி திறக்கும் ஜூனிலிருந்தே அது காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். சுவர் ஃபேனுக்கு அவ்வளவு பலம் கிடையாது. மேல்காற்று அடிக்கிற மாதங்களில் கிழக்குச் சுவரில் எக்ஸாஸ்ட் இருக்க வேண்டும், மேற்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், காற்றே பாதி வேலையை இலவசமாகச் செய்துவிடும். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது கணக்கு மாறும், அப்போது தெற்குச் சுவர்தான் வசதி. இரண்டு ஃபேன் வைக்கப் பணம் இல்லை என்றால் கிழக்கில் ஒன்று வைத்து, வெளிப்பக்கம் கீழ்நோக்கி வளைத்த ஒரு தகரக் கூடு மாட்டுங்கள், வாடைக்கும் மழைக்கும் அது போதும். இடம் குறிக்க மேஸ்திரி வந்தால் "வயர் எங்க பக்கம்" என்று பார்த்துத்தான் குறிப்பார், கூடவே நில்லுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வெல்டிங் செய்கிற பையன் முகத்தைச் சுற்றியே புகை நிற்கிறதா? அப்போது பிரச்சினை எக்ஸாஸ்டில் இல்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள்: ஒரு மெழுகுவர்த்தியைக் கை நீளத்துக்கு அப்பால் வைத்து ஊதினால் அணையும், அங்கிருந்தே உறிஞ்சி அணைக்கச் சொல்லுங்கள், யாராலும் முடியாது. ஒரு 4 அங்குலக் குழாயின் வாயில் இருக்கிற இழுப்பு, 4 அங்குலம் தள்ளிப் போனாலே ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே உறிஞ்சும் வாய் தூசியும் புகையும் பிறக்கிற இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். வளைகிற குழாய், ஒரு புளோயர், ஒரு தகரக் கூம்பு இருந்தால் லேத் பட்டறைக்காரரே செய்து கொடுப்பார். குழாய் வாய் பையனின் மூக்குக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், மூக்கைத் தாண்டி மேலே இழுக்கும்படி வைத்தால் புகை அவன் முகம் வழியாகத்தான் போகும்.

மேஜை நிறையத் தூசி, ஆனால் மீட்டர் 40 காட்டுகிறது

மீட்டர் கெட்டுப்போகவில்லை. ஆயிரம், இரண்டாயிரத்துக்குக் கிடைக்கிற சென்சார்கள் எல்லாம் ஒரு சின்ன லேசர் ஒளியைத் துகள் சிதறடிப்பதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவை. புகை மாதிரி நுண்துகளுக்கு அவை நன்றாக வேலை செய்யும். ரம்பத்திலிருந்து பறக்கிற பெரிய தூள் அந்தக் குட்டி ஃபேன் வழியாக உள்ளேயே போகாது. திரையில் பி.எம். 10 என்று ஒரு எண் வரும், அதில் பெரும்பாலும் ஊகம்தான், அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். பெரிய தூளுக்கு மீட்டரைவிட ஒரு கறுப்பு சார்ட் தாள் மேல். வகுப்புக்கு முன்னால் மேஜையில் வையுங்கள், முடிந்ததும் பாதியைத் துடைத்துப் பாருங்கள், இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிகிற அளவுதான் உங்கள் தூசி.

எந்த வேலை எவ்வளவு தூசி கிளப்பும் என்பதும் பார்வைக்கு நேர்மாறாக இருக்கும். இழைப்புளி போட்டால் காலடியில் சுருள் குவியும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், காற்றில் ஒன்றும் இருக்காது. சாண்டிங் மெஷின் போட்டால் தரை சுத்தமாகவே இருக்கும், காற்று கெட்டுவிடும். வீரவநல்லூர்ப் பக்கத்து ஆசாரி ஒருவர் இதை என்னிடம் சொன்ன விதம்: "இழைப்புளில வாரது தும்முனா போயிரும் சார், மெஷின்ல வாரதுதான் நெஞ்சுக்குள்ள உக்காந்துக்கிடும்." எம்.டி.எஃப். பலகை, அதாவது மரநாரைப் பசை போட்டு அழுத்திச் செய்தது, இன்னும் மோசம், தூள் ரொம்ப நுண்மை, கூடவே ஃபார்மால்டிஹைடு கலந்த பசை. பள்ளி வேலைக்கு அந்தப் பலகையே வேண்டாம் என்பது என் கருத்து, நம் ஊரில் பூவரசும் வேம்பும் கிடைக்காமலா போய்விட்டது? அதற்காக வேப்பந்தூள் மருந்து என்று யாரும் கிளம்ப வேண்டாம். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதன் பக்கத்து அறைகளிலும் வருகிற புற்று அது. வெல்டிங் புகையை அதே பட்டியலில் 2017இல் சேர்த்தார்கள்.

வேலையே நடக்கவில்லை, மீட்டர் மட்டும் ஏறுகிறது

மீட்டரை வெளியே கொண்டுபோய் மரத்தடியில் பத்து நிமிடம் வையுங்கள். வெளியேயும் அதே எண் என்றால் உங்கள் பட்டறை மேல் குற்றமில்லை. எங்காவது குப்பை எரியும், அறுப்பு முடிந்த வயலில் தீ வைத்திருப்பார்கள், சீமைக்கருவேலம் கரி மூட்டம் போட்டிருப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் காற்று வருகிற பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், பள்ளி வளாகத்துக் குப்பை என்றால் கொளுத்துகிறவரிடம் பேசுங்கள். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் ஆடியில் தேரி மண் பறக்கும், தாழையூத்துப் பக்கமும் கல்குவாரி ரோடுகளிலும் லாரி கிளப்புகிற தூசி வேறு. இவை பெரும்பாலும் பெரிய துகள், மீட்டர் குறைவாகவே காட்டும், ஜன்னல் கட்டையில் படிகிற நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பக்கத்தில் நிலையம் ஏதும் இருந்தால் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஏறினால் சந்தேகத்தை மீட்டர் மேல் வையுங்கள். ஈரப்பதம் 80 சதவீதம் தாண்டினால் துகள் தண்ணீர் குடித்து உப்பும், சென்சார் அதைப் பெரிய துகளாக எண்ணிக் கூட்டிச் சொல்லும். மார்கழிப் பனியில் காலை ஏழு மணிக்கு ஏறி ஒன்பதரைக்குத் தானாக இறங்குவதும் ஓரளவு இதுதான், ஓரளவு ராத்திரிப் புகை தரையோடு தங்குவது.

காய்ந்த நாள், வெளியே குறைவு, உள்ளே அதிகம், வேலையும் இல்லை. அப்படியானால் யாரோ பெருக்கியிருக்கிறார்கள்.

தூசி உறிஞ்சும் மெஷின் போட்டால் எண் கூடுகிறது

பை. துணிப்பை பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு நுண்ணியதைப் பின்பக்கமாக அறை முழுக்கத் தெளிக்கும். மெஷினின் வெளிக்காற்று வருகிற இடத்தில் மீட்டரைப் பிடித்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். நுண்துகளையும் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி போட முடிகிற மாடலாக இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் மெஷினை வராந்தாவில் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள், செலவே இல்லை. ஒரு விஷயம் கண்டிப்பாக: மரத்தூள் இழுக்கிற குழாயில் ஆங்கிள் கிரைண்டரை மாட்டக் கூடாது. ஒரு பொறி பைக்குள் போய் மரத்தூளில் கனன்று, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு பற்றும். இரும்புக்கு ஒரு மூலை, மரத்துக்கு ஒரு மூலை, தனித்தனி மெஷின்.

பியூரிஃபையர் ஏற்கெனவே வாங்கியாச்சு, ஒன்றும் மாறவில்லை

20க்கு 30 அடி அறை, பத்தடி உயரம் என்றால் 6000 கன அடி. மணிக்கு ஐந்து தடவையாவது காற்று சுத்தமாக வேண்டும் என்று வைத்தால் நிமிடத்துக்கு 500 கன அடி, மீட்டர் கணக்கில் மணிக்கு 850 கனமீட்டர். உங்கள் மெஷின் பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அது எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்து தரும் என்கிற கணக்கு, பாருங்கள். படுக்கையறைக்கு விற்கிறதில் மணிக்கு 300 சொச்சம் கனமீட்டர்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அதைப் பீரோவுக்குப் பின்னால் ஒதுக்கி, சத்தம் வருகிறது என்று குறைந்த வேகத்தில் ஓட்டினால் அந்த முந்நூறும் கிடைக்காது. சோல்டரிங் மூலை மாதிரி தடுப்புப் போட்ட சின்ன இடத்துக்கு அதை மாற்றிவிடுங்கள், அங்கே அது உருப்படியாக இருக்கும். மரத்தூள் அறையில் வைத்தால் வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், மாற்று வடிகட்டியின் விலையை யாரும் பட்ஜெட்டில் எழுதியிருக்க மாட்டார்கள். ஓசோன் விடுகிற அயனி மாடல்கள் பக்கம் போகவே வேண்டாம்.

டிங்கரிங் லேப்: மீட்டர் பச்சை, மூக்கு மட்டும் எரிகிறது

அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் த்ரீ டி பிரிண்டர் ஏ.சி. அறையில், எல்லாம் சாத்தி. அது விடுகிற துகளில் பெரும்பகுதி 0.1 மைக்ரானுக்கும் கீழே, மலிவு சென்சார் 0.3க்குக் கீழே சரியாகப் பார்க்காது, அதனால்தான் பச்சை. பிரிண்டர் உருக்கிப் போடுகிற பிளாஸ்டிக் இழையில் ஏ.பி.எஸ். வகையை விட்டு பி.எல்.ஏ. வகைக்கு மாறினாலே நிறையக் குறையும். சோல்டரிங் புகையில் இருப்பது ஈயம் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகிக் கிளம்பாது, கையில் ஒட்டி வாய்க்குப் போவதுதான் அதன் வழி, எனவே கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொடக் கூடாது. புகையாக வருவது ரோசின் ஃபிளக்ஸ், அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒரு சின்ன உறிஞ்சு ஃபேன் அயர்ன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தலைவலி, தூக்கம், இருமல், ராத்திரிக் காய்ச்சல்

தலைவலி என்றால் தூசியைத் தேடாதீர்கள். தின்னர், சீலர், பாலிஷ், ரப்பர் பசை இவற்றின் வாடையை ஹெப்பா பிடிக்காது, அது துகளுக்கு மட்டும். டப்பாவை மூடி, பாலிஷ் வேலையை வராந்தாவில் செய்யுங்கள். எல்லோரும் சொக்குகிறார்கள் என்றால் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று இரவல் வாங்கிப் பாருங்கள், வெளியே 420 சொச்சம் இருக்கும், உள்ளே 1000 தாண்டினால் புதுக் காற்று போதவில்லை.

இருமல் திங்கள் லேசாகவும் வெள்ளி அதிகமாகவும், ஞாயிறு சரியாகவும் இருக்கிறதா என்று பிள்ளையின் அம்மாவிடம் கேளுங்கள். அப்படி என்றால் பட்டறைதான். ஆஸ்துமா இருக்கிற பிள்ளையை சாண்டிங்கில் நிறுத்தாதீர்கள், "பழகிக்கிடும்" என்பது இதற்குப் பொருந்தாது. கர்சீப்பும் துணி மாஸ்க்கும் நுண்துகளுக்குப் பயனில்லை, என்95 வேண்டும், அதுவும் மூக்குக் கம்பியை அழுத்தி ஓரம் ஒட்டினால்தான். ஆனால் மாஸ்க்கை நம்பி குழாயை விட்டுவிட்டால், முப்பது பேரில் ஒழுங்காக மாட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

வெல்டிங் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன பையனுக்கு ராத்திரி குளிர், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோக ருசி என்றால் அன்றைக்கு ஜி.ஐ. பைப் வெல்டிங் நடந்ததா என்று கேளுங்கள். மேலே இருக்கிற துத்தநாகப் பூச்சு ஆவியாகி உள்ளே போனால் சில மணி நேரம் கழித்து இப்படி வரும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாக இறங்கும். வகுப்புக்கு ஜி.ஐ. பைப்பே வேண்டாம், வெறும் இரும்பு பைப் வாங்குங்கள். வேறு வழியில்லை என்றால் பற்றவைக்கிற இடத்தில் பூச்சை முன்கூட்டியே நீக்கி, வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பையனை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது மத்தியானம் ஜி.ஐ. பைப் வெல்டிங் செய்தான் என்று வீட்டுக்காரர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவருக்கு அது தெரிய வழியில்லை. மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ அது வேறு சங்கதி, உடனே ஆஸ்பத்திரி.